வால்கில்லிலிருந்து ஒயிட் லேக் வரை

பழைய ராக் இசை நிகழ்ச்சிகளின் நாளிதழ் விளம்பரங்களைச் சேகரிக்கும் எனக்கு, வண்ணச் சுவரொட்டிகளைக் காட்டிலும் கறுப்பு வெள்ளை நறுக்குகளே மேலானவையாகத் தோன்றுகின்றன. சுவரொட்டிகள் பின்னாளில் எத்தனையோ மறுபதிப்புகளைக் கண்டுவிட்டன, நறுக்கின் பின்பக்கத்துச் செய்தியோ அந்த நாளையே காட்டிக்கொடுத்துவிடும். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த வுட்ஸ்டாக் ராக் இசை விழாவின் முந்தைய விளம்பரங்கள் வால்கில் என்ற ஊரையே குறிப்பிடுகின்றன. அங்கே ஜூலையில் அனுமதி மறுக்கப்பட்டதால், வால்கில்லை விட்டு ஒயிட் லேக்குக்கு வந்துவிட்டோம் என்று அமைப்பாளர்கள் புதிய விளம்பரம் வெளியிட நேர்ந்தது. சுற்றுவேலி கட்டி முடியாததால் இலவசமாகிப்போன அவ்விழாவுக்கு, மூன்று நாள்களுக்கும் 18 டாலர் என்று அச்சிட்டிருப்பது இன்று படிக்கச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. செய்தித்தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் தாள் ஒளிபட்டுப் பழுப்பேறிவிடும் என்பதால், இவற்றை அமிலமற்ற உறைகளில் இருட்டில் வைக்கிறேன். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.