இடறுகற்கள்: பெர்லின் நாட்குறிப்பு

நவம்பர் 6, 2024, புதன்

1938இல் யூதர்களின் ஜெபக்கூடங்களும் கடைகளும் நொறுக்கப்பட்ட இரவின் நினைவு நாள் 9ஆம் தேதி. அதற்குள் தெருவின் இடறுகற்களைத் துலக்கிவிட வேண்டும். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில், அவர்கள் பெயர் பொறித்துத் தரையில் பதித்த சிறு நினைவுக் கற்கள் இவை. மேலே 96 மி.மீ. சதுரப் பித்தளைத் தகடு, அடியில் கான்கிரீட். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் செருப்பு உரசியே பளபளக்கும். சுவரோரம் பதித்தவைதான் கறுக்கின்றன.

முதலில் சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். மெருகுப் பசை பட்டால் பக்கத்துக் கல்லில் கறை படியும். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்த பிறகே பசை, இல்லையென்றால் மணலே தகட்டைக் கீறிவிடும். ஒரு சொட்டுப் பசை, இரண்டு நிமிடம், உலர்ந்த பருத்தித் துணி. கம்பிநார் கூடவே கூடாது. புளி, எலுமிச்சையும் வேண்டாம். அமிலம் தங்கினால் துத்தநாகம் அரித்துச் செந்திட்டு விழும். எழுத்துக் குழிகளில் உள்ள கருமையைச் சுரண்டாதீர்கள். பெயரைப் படிக்க வைப்பது அதுதான்.

நவம்பர் 7, வியாழன்

புதிய கல்லுக்கு விண்ணப்பிப்பவர்கள் அதிகம் தவறுவது முகவரியில். 1942 நாடுகடத்தல் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் யூதர்களைக் கட்டாயமாக அடைத்துவைத்த வீட்டின் முகவரி. கல் பதிய வேண்டியது அவர்கள் விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டு வாசலில். 1939 மே 17 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் துணை அட்டைகளையும் பழைய முகவரிப் புத்தகங்களையும் ஒப்பிடுங்கள். தப்பிப் பிழைத்த பிள்ளைகளுக்கும் கல் கேளுங்கள். குடும்பம் ஒரே வரிசையில் சேர வேண்டும் என்பது இந்தக் கற்களைத் தொடங்கிவைத்த ஜெர்மன் கலைஞர் குந்தர் டெம்னிக் வைத்த நெறி.

பெயர்கள் மறுபடி மிதிபடுவதை ஏற்காதவர்களும் உண்டு. மியூனிக்கின் யூதச் சமூகத் தலைவர் சார்லட் நோப்ளோக் அவர்களில் ஒருவர். அந்த நகரம் பொது நிலத்தில் கல் பதிக்க அனுமதிப்பதில்லை. நோப்ளோக்கின் மறுப்பு, நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த ஒருவரின் மறுப்பு. வாதாடி வெல்ல வேண்டிய விஷயமல்ல.

நவம்பர் 8, வெள்ளி

இந்த ஆண்டு 9ஆம் தேதி சனிக்கிழமை. இன்று சூரியன் மறைவதற்குள் வேலை முடிய வேண்டும், பிறகு சபாத், யூதர்களின் வார ஓய்வு நாள். மரபைக் கடைப்பிடிக்கும் உறவினர்கள் நாளை மூன்று நட்சத்திரம் தெரியும்வரை விளக்கேற்ற மாட்டார்கள். நினைவுக் கூட்டத்தை நாளை மாலை ஆறுக்கு வைப்பதே முறை.

இறந்தவர்களுக்கான கதீஷ் பிரார்த்தனை சொல்லப் பத்து யூதர்கள் தேவை. பெண்களை எண்ணுவதா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சீர்திருத்தப் போக்குள்ள லிபரல் சமூகம் எண்ணும், பழைய மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் எண்ணாது. சோவியத் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களில் தந்தை மட்டும் யூதராக இருப்பவர் பலர். அவர்களையும் ஆர்த்தடாக்ஸ் முறை கணக்கில் சேர்ப்பதில்லை. தாத்தாவின் கல்முன் நிற்கும் பேரனிடம் அந்த நேரத்தில் இதைச் சொல்ல நேர்வது கொடுமை.

நவம்பர் 9, சனி

மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஏற்றுங்கள். உருகிய மெழுகு எழுத்துக்குள் இறங்கினால் சுரண்டாமல் வெந்நீர்த் துணியால் எடுக்கவும்.