ஒருநாள் லீவு ஏன் நாலு நாளாகுது?

மட்டக்களப்புப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ்ல கொஞ்ச வருசம் லைன் சூப்பவைசரா இருந்தனான். என்ட லைன்ல பாதிப்பேர் வாவிக்கு அங்கால இரிக்கிற படுவான்கரைப் பிள்ளையள், விடியமுதலே எழும்பி சமைச்சு வெச்சிட்டு மண்முனைப் பாலத்தால பஸ்ஸில வாறவங்க. அங்க மாசத்தில ஒருநாளும் லீவு எடுக்காட்டித்தான் வரவு அலவன்ஸ், ஒருநாள் வராட்டி அந்த அலவன்ஸ் முழுக்க வெட்டு.

வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கும், மார்கழியில மழைக்கு ரோட்டுல தண்ணி ஏறும், அந்த மாசங்கள்ல முதல்கிழமை ஒருநாள் லீவு போட்ட பிள்ள மறுகா அதே மாசம் இன்னும் மூணு நாள் வராது. இந்தப் பக்கத்து ஆக்களுக்கு வேலையில அக்கறை இல்ல எண்டு மேல இருந்தவங்க முடிவே கட்டிட்டாங்க. நானும் அத நம்பி ஏசியிருக்கன், இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இரிக்கு. ஏன் பிள்ள வரல்ல எண்டு ஒருத்தியக் கேட்டதுக்கு, "அந்தக் காசு போன கிழமையே போயிட்டு மிஸ், இனி காய்ச்சலோட வந்து என்ன கிடைக்கப் போகுது" எண்டாள்.

பிறகு எச்ஆர் டிப்ளோமா படிக்கக்குள்ள விக்டர் வ்ரூம் எண்ட உளவியலாளர் வேலையில ஊக்கம் எப்படி வருது எண்டு 1964ல சொன்ன எதிர்பார்ப்புக் கோட்பாடு வந்திச்சு. முயற்சி பண்ணினா வேலைய முடிக்கலாம் எண்ட நம்பிக்கை, முடிச்சா பலன் வரும் எண்ட நம்பிக்கை, அந்தப் பலன் நமக்கு எவ்வளவு பெறுமதி எண்டது, மூணையும் அவர் பெருக்கித்தான் பார்க்கிறார், கூட்டி இல்ல. ஒண்டு பூச்சியமானா எல்லாம் பூச்சியம். எங்கட அலவன்ஸ் சட்டம் மாசத்திர முதல்கிழமையிலயே அந்தப் பூச்சியத்த அவளுக்குக் குடுத்திட்டு. அவள் சோம்பேறி இல்ல, கணக்கு சரியாப் பார்த்தவள்.

அதே படிப்பில வந்த இன்னொரு உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959ல சம்பளத்த, அது குறைஞ்சா அதிருப்தி வரும், கூடினாலும் ஊக்கம் பெரிசா வராது எண்ட பக்கம் வெச்சார். அமெரிக்காவில பிட்ஸ்பர்க்ல 203 எஞ்சினியர்மாரையும் கணக்காளரையும் கேட்டு எழுதினது அது, அந்தச் சம்பளத்திலதான் அரிசி வாங்கிற வீட்டுக்கு அத அப்படியே பொருத்த எனக்கு மனம் வரல்ல.

அலவன்ஸ கிழமைக் கணக்குக்குப் பிரிப்பம் எண்டு மேனேஜர் சேரிட்ட பலமுறை கேட்டன், கடைசியா எங்கட லைனுக்கு மட்டும் விட்டுப் பார்க்க ஓமெண்டார். ஒரு கிழமை போனாலும் மத்தக் கிழமையள் கையில இரிக்கும். அடுத்த வைகாசியில, எந்தக் கோயிலுக்கு எந்த நாள் லீவு வேணும் எண்டு பிள்ளையள் முதலே வந்து சொல்லிட்டாங்க, அந்தந்த மெசினுக்கு ஆள் போட எனக்கும் நேரம் கிடைச்சிது.