வீல்சேர்ல இருந்து எழுந்த அந்த தாத்தா
2015 ஜூலை 28, கலாம் சாரோட உடல டெல்லி பாலம் ஏர்போர்ட்ல வச்சிருந்தாங்க, வீட்ல எல்லாரும் டிவி முன்னாடிதான். அப்ப ஒரு சர்தார்ஜி தாத்தாவ வீல்சேர்ல கூட்டிட்டு வந்தாங்க. கிட்ட வந்ததும் மனுஷன் மெதுவா ஊன்றி எழுந்து நின்னு ஒரு சல்யூட் வச்சாரு பாருங்க, 96 வயசு! அம்மா கண்ண தொடச்சிக்கிட்டே யாருடா இதுன்னாங்க, எனக்கும் தெரியல, அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

மார்ஷல் அர்ஜன் சிங். இந்திய விமானப்படைலயே அஞ்சு ஸ்டார், அதாவது உச்ச ரேங்க், வாங்கின ஒரே ஆளு. 1919ல இப்ப பாகிஸ்தான்ல இருக்கற லயால்பூர்ல பொறந்து, 19 வயசுல இங்கிலாந்து க்ரான்வெல் விமானப்படை காலேஜுக்கு போயி, 1944ல இம்பால்ல ஜப்பான்காரன எதிர்த்து ஒன்னாம் நம்பர் ஸ்குவாட்ரனோட தலைவரா ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டி டிஎஃப்சிங்கற வீரப் பதக்கம் வாங்கினவரு. அடுத்த வருஷமே கேரளா பக்கம் வீடுகளுக்கு மேல ரொம்ப தாழ பறந்தாருன்னு கோர்ட் மார்ஷல் (ராணுவ விசாரணை) வேற (எனக்கு இந்த இடம்தான் ரொம்ப புடிச்சுது). 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு செங்கோட்டை மேல நூத்துக்கும் மேல விமானங்கள் பறந்துச்சே, அதுக்கு லீடும் இவர்தான்.

45 வயசுல ஏர்ஃபோர்ஸ் சீஃப். 1965 செப்டம்பர் 1, பாகிஸ்தான் டாங்கிகள் ஜம்மு பக்கத்துல இருக்கற அக்னூர நோக்கி வந்துட்டு இருக்கு, பாதுகாப்பு மந்திரி சவான் கூப்பிட்டு எவ்ளோ நேரத்துல பறக்க முடியும்னு கேக்கறாரு. இவரு ஒரு மணி நேரம்னாரு. சொன்ன மாதிரியே பதான்கோட்ல இருந்து கிளம்பிட்டாங்க. ஆனா அன்னிக்கு சாயங்காலமே நம்ம வேம்பயர் போர் விமானம் நால இழந்துட்டோம், அதெல்லாம் ஏற்கனவே பழசாயிட்ட விமானங்க, பாகிஸ்தானோட சேபர் ஜெட்டுக்கு முன்னாடி எப்படி நிக்கும்? அதோட வேம்பயர முன்வரிசைல இருந்து எடுத்துட்டாங்க. இவர புகழ்ந்து எழுதறவங்க முக்கால்வாசி பேர் இந்த நாலப் பத்தி பேசறதே இல்ல, எனக்கு அது சரியா படல.

1969ல சீஃப் பதவி முடிஞ்சுது, அப்புறம் சுவிட்சர்லாந்து, கென்யால தூதர், டெல்லிக்கு லெஃப்டினன்ட் கவர்னர். 2002ல மார்ஷல் ஆக்கினாங்க, அந்த ரேங்குக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது. டெல்லி பக்கத்துல இருந்த பண்ணைய வித்து, ரிட்டயர் ஆன ஏர்ஃபோர்ஸ்காரங்களுக்குன்னு 2 கோடி ரூபாய டிரஸ்ட்டா போட்டாராம்.

2017 செப்டம்பர் 16ல 98 வயசுல போயிட்டாரு. ஏர்ஃபோர்ஸ்ல அந்த ரேங்க அதுக்கப்புறம் யாருக்கும் குடுக்கல.