பகிடிப் பாட்டுக்குச் சொல் விளங்க வேண்டும்: திருகோணமலைக் கோஷ்டியின் வேலைக் குறிப்பு

தெரிந்த மெட்டுக்கு ஊர்ச் சொல் கட்டிப் பாடும் கோஷ்டிக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கட்டாயம் உண்டு. கடைசி வரிசைக் கதிரையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். காதல் பாட்டில் பாதிச் சொல் காற்றோடு போனாலும் மெட்டு தாங்கிக்கொள்ளும். பகிடியில் ஒரு சொல் போனால் சிரிப்பும் போகும். கலியாண வீடு, பிறந்தநாள், விளையாட்டுக் கழக இரவு என்று பொழுதுபோக்காக வாசிக்கும் எங்கள் கோஷ்டியில் ஒரு கீபோர்ட், ஒரு கிட்டார், பேஸ், ஒக்டபாட் என்ற மின் தாளத் தட்டு, கொங்கோ மேளம், இரண்டு குரல். இந்த ஆட்களை வைத்துப் பகிடிப் பட்டியலைத் திருத்திய விதத்தை இங்கே எழுதுகிறோம்.

பட்டியலின் முதுகெலும்பு பைலா என்ற இலங்கைத் துள்ளலிசையின் தாளம், அதாவது ஆறு-எட்டு. திருகோணமலையில் அதற்குத் தனி உரிமை உண்டு. பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் வாழும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வயலினும் ரபானா மேளமும் சேர்த்து ஆடிப்பாடும் கஃப்ரிஞ்ஞாதான் பைலாவின் வேர்களில் ஒன்று. பாடகர் வொலி பஸ்தியன் பைலாவைச் சிங்களத்தில் பரப்பினார். 1960களின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினமும், பிறகு ஏ. ஈ. மனோகரனும் அந்தத் துள்ளலில் தமிழ்ப் பொப்பிசையை நிலைநிறுத்தினார்கள். அந்தக் காலத்துப் பாடல்களைக் காது கொடுத்துக் கேட்டால் ஒன்று தெரியும்: வாத்தியம் கொஞ்சம், பேச்சுத்தமிழ் நிறைய. சொல் முன்னால் நிற்கிறது. படித்துக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

சொல் கட்டும்போது அசையை எண்ணினால் போதாது, நேரத்தை எண்ண வேண்டும். ஆறு-எட்டின் ஒவ்வொரு பாதியும் ஒரு ‘தகிட’, மூன்று எண்ணிக்கை. குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கும், ஒற்றுச் சேர்ந்த குறிலுக்கும் இரண்டு. ஒரு வரிக்கு எட்டுத் தகிட. நகரத்துக்குள் திரியும் புள்ளிமானை வைத்துக் கட்டிய வரி இது:

மானு ரெண்டு வந்து நிக்கு மரக்கறிக் கடைக்க
கீரை என்ன விலை எண்டு கேக்க வந்த மாதிரி

முதல் வரியைத் தட்டிப் பாருங்கள்: மானு, ரெண்டு, வந்து, நிக்கு, மரக், கறிக், கடைக், க. முதல் நான்கும் இரண்டும் ஒன்றுமாக, முன்பாரமாக நடக்கின்றன. ‘மரக்’ வந்ததும் ஒன்றும் இரண்டுமாகப் புரள்கிறது. காது நிமிர்வது அந்த இடத்தில்தான். மானை எங்கே நிறுத்தினோம் என்ற பகிடியும் அதே இடத்தில் இருக்கிறது. இரண்டாவது வரியில் ‘கீரை’யின் ஐகாரம் குறுகி ஒன்றாகும், ‘விலை’யில் குறிலுக்குப் பின்னால் வருவதால் நீட்டி இரண்டாக எடுக்கலாம். எட்டாவது தகிடவில் ‘ரி’ மட்டும். மிச்சம் இரண்டு எண்ணிக்கையும் பாடகருக்கு மூச்சு, சபைக்குச் சிரிப்பு.

‘மரக்கறிக் கடை’ இருந்த இடத்தில் ‘புடவைக் கடை’யைப் போட்டுப் பார்த்தால் பிசகு உடனே தெரியும். பு-ட-வைக் என்பது நான்கு. தகிட உடைந்து, பாடகர் ஒன்றில் ‘புட’வை விழுங்குவார், இல்லாவிட்டால் தாளம் பிந்தும். சபைக்கு எந்தக் கடை என்றே விளங்காது. சிரிப்பு வரவேண்டிய சொல் வரியின் முடிவில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. நடுவில் வைத்தால் சிரிப்புச் சத்தம் மிச்ச வரியை மூடிவிடும்.

வேகம் அடுத்தது. ஆட்டத்துக்கான பைலாவில் ஒரு தகிடவை ஓர் அடியாக எண்ணினால் நிமிடத்துக்கு 125க்கு மேல் போவது வழக்கம். புதுச் சொல் உள்ள பாட்டை 110 முதல் 116 வரை வைக்கிறோம். மெட்டு பழசு என்பதால் சபை தாளத்தில் தானாக ஏறிவிடும், சொல்லைப் பிடிக்கத்தான் அதற்கு நேரம் வேண்டும். கடைசிச் சரணம் முடிந்து எல்லோரும் பல்லவியைச் சேர்ந்து பாடும்போது 128க்கு ஏற்றலாம். அதை ஒக்டபாட்காரர் ஒருவரே தீர்மானிக்க வேண்டும். இரண்டு பேர் ஏற்றினால் கொங்கோவும் பேஸும் பிரியும்.

சுருதியில் ஒரு பொறி இருக்கிறது. சினிமாப் பாட்டின் மூலச் சுருதி பெரும்பாலும் பழகாத குரலுக்கு உயரம். உச்சத்தில் கத்தும் குரலில் உயிரெழுத்து மட்டும் கேட்கும், மெய்யெழுத்து தேயும். இரண்டு அல்லது மூன்று அரைச்சுரம் இறக்கினால் சொல் பேச்சுக்குக் கிட்ட வந்துவிடும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி இறக்குவது சுலபம். ஆனால் அடுத்த பாட்டுக்கு அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவராவிட்டால் கிட்டாரும் கீபோர்டும் முதல் கோர்டிலேயே மோதும். பாட்டுத் தாளின் தலையில் சுருதி, டிரான்ஸ்போஸ் எண், கிட்டாரில் கேப்போக் கவ்வியைப் போடும் கட்டை, வேகம் நான்கையும் பெரிதாக எழுதி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுப்பதுதான் மருந்து. பொத்தானைத் தொடாமல் இறங்கிய கோர்டிலேயே வாசிக்கப் பழகுவது அதைவிட நல்லது.

வாத்தியங்களைப் பாடும் நேரத்தில் குறைக்கிறோம். சரணத்தில் கீபோர்ட்காரர் வலது கையை எடுத்துவிடுவார். இடது கையும் பேஸோடு மோதாமல் நடு ஒக்டேவில் கோர்டை மட்டும் வெட்டி வைக்கும். கிட்டார் மேல் மூன்று கம்பியில் இரண்டாம், மூன்றாம் எண்ணிக்கையைத் தட்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடம்தான் கீபோர்டின் வயலின் ஒலிக்கும் பதில் வரிக்கும் உரிய இடம். இப்படிப் பிரித்தால் ஒலிபெருக்கியைக் கூட்டாமலே குரல் மேலே வரும்.

மிக்சரில் செய்வது சிறிது. குரல் சனல்களில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் கட்டாயம். 250 முதல் 300 வரை இரண்டு மூன்று டெசிபெல் இறக்கினால் கல்யாண மண்டபத்துக் குமுறல் அடங்கும். மெய்யெழுத்துகளின் தெளிவு 2,500 முதல் 4,000 வரை இருக்கிறது. குரலில் அதை ஏற்றுவதற்கு முன், கீபோர்டில் அதே இடத்தை இறக்கிப் பாருங்கள். ஏற்றினால் ஒலிபெருக்கி வீரிடும் ஆபத்து, இறக்கினால் அந்த ஆபத்து இல்லை. எக்கோவைப் பகிடிப் பாட்டில் முழுதாக நிறுத்துங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியொயிட் மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது குறைவு, ஆகவே பாடகர் தன் குரலைக் கேட்கும் மொனிட்டர் பெட்டி அவருக்கு முன்னால், மைக்கின் வாலைப் பார்த்து இருக்க வேண்டும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தத் திசைக்குணம் கெட்டு உடனே வீரிடும். புதுப் பாடகர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

கீபோர்டைச் செருகியதும் ‘உம்’ என்ற இரைச்சல் வந்தால் அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை, பெரும்பாலும் மேடையும் மிக்சரும் வேறு வேறு பிளக்கிலிருந்து மின் எடுப்பதால். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். போகாவிட்டால், கீபோர்டுக்கும் மிக்சருக்கும் இடையில் வைக்கும் டி.ஐ. பெட்டியின் கிரவுண்ட் லிப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்குக்குள் எர்த் வயரைக் கழற்றி இரைச்சலை நிறுத்தும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைப்பவருக்குத்தான் அது அடிக்கும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் வாசித்தால் உப்புக்காற்று கிட்டார் கம்பியைத் துருவாக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்தால் ஆயுள் கூடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொங்கோவின் தோல் காய்ந்து ஏறும், மாரியில் ஈரம் பிடித்துத் தளரும். கச்சான் காலத்தில் இரவு முடிந்ததும் கொங்கோத் திருகாணிகளை ஒரு சுற்றுத் தளர்த்தி வையுங்கள், இறுக்கமாக விட்டால் தோல் விளிம்பில் கிழியும். மைக்குக்குப் பஞ்சுறை போடாமல் கடற்கரைக்குப் போகவே கூடாது.

எதைப் பகிடி பண்ணுவது என்பதிலும் ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். ஊரில் மூன்று சமூகமும் ஒரே பந்தலில் இருக்கும். பொருளையும் இடத்தையும் காத்திருப்பையும் விலையையும் பாடலாம். ஒருவரின் பேச்சுவழக்கையோ சாமியையோ பாடக்கூடாது. பக்திப் பாட்டின் மெட்டுக்குப் பகிடிச் சொல் கட்டுவதும் இல்லை. வெளியில் வாசிப்பதென்றால் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை வீட்டுக்காரர் முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது கிண்ணியாப் பாட்டு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை அங்கே கடலைக் கடக்க ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்காக வேகத்தை 84க்கு இறக்கியிருக்கிறோம். சிக்கல் ‘பாலம்’ என்ற சொல்லில்: பா-லம் நான்கு. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால் ‘ம்’ அதோடு ஒட்டிக்கொண்டு பா-ல மூன்றாகிவிடும். ‘பாலம் ஒண்டு வந்த பிறகு’ என்பது பால, மொண்டு, வந்த, பிறகு என்று சரியாக நான்கு தகிட. ‘பாதை யோட்டி எங்க’ என்ற மறுபாதிக்கு மூன்றுதான் தேறுகிறது. ‘எங்க’வை இரண்டு தகிடவுக்கு நீட்டி, அடியில் பேஸ் இயந்திரம்போல ஒரே சுரத்தைத் தட்டுவதாக வைத்திருக்கிறோம். இரண்டாவது குரல் எங்கே சேர்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.