திரைப்படத்தின் நகல் அல்ல: பிங் கிராஸ்பியின் டெக்கா ஆல்பங்கள்

அமெரிக்கப் பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ என்ற ஒரே ஒரு பாட்டுதான். அந்தப் பாட்டு 1942ஆம் ஆண்டு ஜூலை மாதம், நல்ல கோடையில், ‘ஹாலிடே இன்’ என்ற திரைப்படத்தின் பாடல்களைத் தாங்கிய ஆறு இசைத்தட்டுகளின் தொகுப்பில் கடைசித் தட்டாகக் கடைகளுக்கு வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1940களில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் கிராஸ்பியின் திரைப்பாடல்களை இப்படித் தொகுப்பு தொகுப்பாக வெளியிட்டது. பல வருடங்களாக அவற்றைக் கேட்டுவரும் எனக்கு, படத்தைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற நினைவுப்பொருள்களாக அவற்றை மதிப்பிடுவது அநியாயம் என்றே படுகிறது. அவை தனியாகத் திட்டமிட்டு, தனியாகப் பாடி, தனியாகப் பதிவுசெய்த படைப்புகள்.

அன்றைய ஆல்பம் எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம். உள்ளே தாள்களுக்குப் பதிலாகத் தடித்த காகித உறைகள். ஒவ்வோர் உறையிலும் பத்து அங்குல விட்டமுள்ள ஒரு தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்கள்தான் அடங்கும். ஆகவே ஆறு தட்டுகள் என்றால் பன்னிரண்டு பாடல்கள், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்பும் வேலை. கைதவறி விழுந்தால் நொறுங்கிவிடும். முதலில் சிம்பொனி போன்ற நீண்ட செவ்வியல் இசையைத் துண்டுகளாக்கி விற்கத்தான் இந்தப் புத்தக வடிவம் பயன்பட்டது. 1930களின் பிற்பாதியில்தான் மெல்லிசையும் அதற்குள் அதிகமாக நுழையத் தொடங்கியது.

கிராஸ்பியை அதற்குள் கொண்டுவந்தவர் ஜாக் காப். பிரன்ஸ்விக் நிறுவனத்தில் இருந்தபோதே கிராஸ்பியின் பதிவுகளைக் கவனித்துவந்த காப், 1934ஆம் ஆண்டு அமெரிக்க டெக்காவைத் தொடங்கியபோது அவரையும் உடன் அழைத்துக்கொண்டார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, மற்ற நிறுவனங்கள் 75 சென்ட் வாங்கிய காலத்தில், முன்னணிப் பாடகர்களின் தட்டை 35 சென்ட்டுக்கு விற்பது என்ற அவரது துணிச்சல்தான் டெக்காவை நிலைநிறுத்தியது. மெட்டு எங்கே என்று கேட்கும் அறிவிப்பொன்றைப் பதிவுக்கூடத்தில் பாடுபவர் கண்ணில் படும்படி வைத்திருந்தார் என்பார்கள். மைக்ரோஃபோனை நெருங்கி நின்று, குரலை உயர்த்தாமல், எதிரில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பாடும் கிராஸ்பிக்கு அந்தக் கேள்வி நன்றாகவே பொருந்தியது. இளமையில் அவரிடம் இருந்த ஜாஸ் துள்ளலைக் காப் அடக்கிவிட்டார் என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருந்தாலும், பழைய கூட்டிசை, கௌபாய் பாட்டு, ஹவாய்ப் பாட்டு, பக்திப் பாட்டு என்று எதைக் கொடுத்தாலும் ஏற்றுப் பாடும் வீச்சைக் கிராஸ்பி அடைந்ததற்கும் அதே காப்தான் காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஒரு படத்தின் பாடல்களை ஒன்றாகத் தரும் எண்ணம் டெக்காவிடம் முன்னமே இருந்தது. 1936இல் ‘பென்னிஸ் ஃப்ரம் ஹெவன்’ வெளிவந்தபோது, கிராஸ்பி, லூயி ஆம்ஸ்ட்ராங், ஃபிரான்சஸ் லாங்ஃபர்ட் ஆகிய மூவரையும் ஜிம்மி டார்சியின் வாத்தியக் குழுவோடு அழைத்து, படத்தின் பாடல்களைக் கோத்து ஒரே பன்னிரண்டு அங்குலத் தட்டின் இரு பக்கங்களிலும் பதிவுசெய்தார்கள். அவசரமாக ஓடும் தொகுப்புதான் என்றாலும், ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலும் கிராஸ்பியின் வழவழப்பும் ஒரே தட்டில் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

படத்தில் ஒலிக்கும் பாட்டும் தட்டில் ஒலிக்கும் பாட்டும் ஒரே பதிவு அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பாரமவுண்ட் நிறுவனத்தின் இசைத்துறை படத்துக்காகத் தன் கூடத்தில், தன் வாத்தியக்காரர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தது. கிராஸ்பியின் தட்டுகளுக்கான உரிமையோ டெக்காவிடம் இருந்தது. எனவே அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த டெக்காவின் கூடத்துக்குத் தனியே சென்று, பெரும்பாலும் ஜான் ஸ்காட் டிராட்டரின் குழுவோடு, புதிய வாத்திய அமைப்பில் அதே பாடல்களை மறுபடி பாடினார். படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்துத் தட்டாக வெளியிடும் முறையை 1938இல் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக விக்டர் நிறுவனம் கையாண்டதுண்டு. ஆனால் நடிகர்கள் தோன்றும் இசைப்படங்களுக்கு அது வழக்கமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘ஹாலிடே இன்’ தொகுப்பைக் கேட்டால் இந்த வேறுபாடு எவ்வளவு நன்மையாக முடிந்தது என்று புரியும். பன்னிரண்டு பாடல்களும் இர்விங் பெர்லின் எழுதி இசையமைத்தவை. விடுமுறை நாள்களில் மட்டும் திறக்கும் ஒரு விடுதியைப் பற்றிய கதை என்பதால், லிங்கன் பிறந்தநாள், ஈஸ்டர், நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ் என்று ஆண்டு முழுவதற்கும் பாட்டு உண்டு. பதிவுகள் 1942ஆம் ஆண்டு மே மாத இறுதியை ஒட்டிச் சில நாள்களில் முடிந்தன. ஃப்ரெட் அஸ்டேர் தனியாகப் பாடும் இரண்டு பாடல்களுக்கும், அவரும் கிராஸ்பியும் ஒரு பெண்ணுக்காகப் போட்டியிடும் பாடலுக்கும், கிராஸ்பியின் தம்பி பாப் கிராஸ்பியின் வாத்தியக் குழு வாசித்தது. இதில் அஸ்டேரின் பங்கை நான் மிகவும் மதிக்கிறேன். நடனத்துக்காகப் பேர்பெற்றவரிடமிருந்து கால்களை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் தட்டில் வைத்தால் என்ன மிஞ்சும் என்ற ஐயத்துக்கு, தாளத்தின் மேல் அவர் சொற்களை வைக்கும் துல்லியமே விடையாகிறது.

மே 29ஆம் தேதி ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பதிவானது. டிராட்டரின் குழுவும் கென் டார்பியின் பாடகர் குழுவும் உடனிருக்க, பதினெட்டே நிமிடங்களில் வேலை முடிந்துவிட்டதாகச் சொல்வார்கள். படத்தில் இது கணப்புக்கு அருகே பியானோவில் அமர்ந்து பாடும் அமைதியான காட்சி. கதாநாயகியும் சேர்ந்து பாடுவார். மார்ஜோரி ரெனால்ட்ஸ் வாயசைக்க, குரல் மார்த்தா மியர்ஸுடையது. மரத்தில் தொங்கும் மணிகளைக் கிராஸ்பி தம் புகைக்குழாயால் தட்டி ஒலியெழுப்புவதும் அங்கே ஓர் அழகு. தட்டில் பெண்குரலும் இல்லை, மணி விளையாட்டும் இல்லை. கிராஸ்பி ஒருமுறை முழுவதுமாகப் பாடி முடித்ததும் பாடகர் குழு அதே அடிகளைத் தாழ்ந்த குரலில் எடுத்துக்கொள்கிறது. பின்பாதியில் அவர் மீண்டும் நுழைகிறார். பெவர்லி ஹில்ஸ் வெயிலில் இருந்துகொண்டு வடக்கை நினைத்து ஏங்குவதாகப் பெர்லின் எழுதியிருந்த தொகையறா போன்ற முன்பகுதி தட்டில் இடம்பெறவில்லை. அது நீங்கியதால் பாட்டு ஹாலிவுட்காரர் ஒருவரின் புலம்பலாக இல்லாமல், வீட்டைப் பிரிந்திருந்த எவருடைய ஏக்கமாகவும் ஆகிவிட்டது. போர்முனையில் இருந்த வீரர்கள் அதைத் தம் பாட்டாக எடுத்துக்கொண்டதற்கு இந்த வெட்டும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் தொகுப்பின் காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய தட்டுகளின் முக்கிய மூலப்பொருளான அரக்கு பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றது. சோட்டாநாக்பூர்ப் பக்கத்துக் காடுகளில் புரச மரத்திலும் பிற மரங்களிலும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அது. போரால் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டதால், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை 70 சதவீதம் குறைக்கும்படி உத்தரவிட்டது. பழைய தட்டுகளைக் கொடுத்தால் அரைத்து மறுபடி பயன்படுத்துவோம் என்று நிறுவனங்கள் மக்களிடம் கேட்டுக்கொண்டன. அப்படிப்பட்ட தட்டுப்பாட்டில், ஒரே படத்துக்காக ஆறு தட்டுகளை ஒதுக்கக் காப் துணிந்தது சிறிய முடிவல்ல. அந்தக் காலத்துத் தட்டொன்றில் முள்ளை வைத்தவுடன் கேட்கும் இடைவிடாத இரைச்சலில் அந்தப் பற்றாக்குறையும் கலந்திருக்கிறது. சில நொடிகளில் காது அதற்குப் பழகி, இரைச்சலுக்கு முன்னால் வந்து நிற்பதுபோல அந்தக் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கும்.

அடுத்த தடை வாத்தியக்காரர்களிடமிருந்து வந்தது. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. 1943 செப்டம்பரில் டெக்கா உடன்பாட்டுக்கு வரும்வரை வாத்தியங்கள் இல்லை. அந்த இடைவெளியில்தான் ‘டிக்ஸி’ படத்தின் ‘சண்டே, மண்டே ஆர் ஆல்வேஸ்’ பாடலைக் கிராஸ்பி கென் டார்பி குழுவின் குரல்களை மட்டும் துணையாகக் கொண்டு பாடினார். வயலின் செய்ய வேண்டியதை மனிதக்குரல் செய்யும் அந்தத் தட்டு ஆல்பங்களில் சேராதது என்றாலும், அதைக் கேட்காமல் இந்த வரலாறு முழுமைபெறாது.

பாதிரியார் ஓமாலியாகக் கிராஸ்பி நடித்த ‘கோயிங் மை வே’ 1944இல் வெளிவந்து, சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதன் ஆல்பம் 1945இல்தான் வந்தது. மூன்று தட்டுகள், ஆறு பாடல்கள். ‘ஸ்விங்கிங் ஆன் எ ஸ்டார்’ பாடலைப் படத்தில் சிறுவர் குழு சூழ்ந்து பாடுகிறது. தட்டிலோ வில்லியம்ஸ் சகோதரர்கள் நால்வர் பாடுகிறார்கள். அவர்களில் இளையவரான ஆண்டி வில்லியம்ஸ் அப்போது பதின்ம வயதுப் பையன். ஜிம்மி வான் ஹூசன் இசையமைத்து ஜானி பர்க் எழுதிய அந்தப் பாட்டின் குறும்பு, படத்தில் பிள்ளைகளின் முகங்களிலிருந்து வருகிறது; தட்டில் கிராஸ்பி சொல்லின் கடைசி அசையை லேசாகத் தட்டிவிட்டு நகரும் விதத்திலிருந்து மட்டுமே வருகிறது. அதே ஆல்பத்தில் உள்ள ஐரிஷ் தாலாட்டு 1913ஆம் ஆண்டுப் பழம்பாட்டு. முதிய பாதிரியாரைத் தூங்கவைக்க அவர் பாடும் காட்சியைப் பார்த்திராதவர்கள்கூட, மூச்சையும் குரலையும் ஒருசேர அவர் தணித்துக்கொண்டே போவதைக் கேட்டால் அங்கே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்வார்கள்.

‘த பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்’ தொகுப்பு சிறியது. முந்தைய படத்தின் வெற்றியைத் தொடர்ந்து வந்தது என்பதைத் தாண்டி அதில் எனக்குப் பெரிதாக எதுவும் தென்படவில்லை. 1946இன் ‘ப்ளூ ஸ்கைஸ்’ பெர்லினையும் அஸ்டேரையும் மீண்டும் சேர்த்தது. பழைய பாடல்களே மிகுதி என்றாலும், இரு கலைஞர்களும் தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே பாடும் ‘எ கப்பிள் ஆஃப் சாங் அண்ட் டான்ஸ் மென்’ பாடலில் நாலு வருடம் முந்தைய போட்டி நட்பாகக் கனிந்திருக்கிறது.

நிறுவன ஒப்பந்தங்களின் சிக்கல் மிகவும் வெளிப்படையாகத் தெரிவது 1954இன் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ படத்தில். படத்தில் பாடிய ரோஸ்மேரி குளூனி கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால், டெக்காவின் ஆல்பத்தில் அவர் பாட முடியவில்லை. அவர் இடத்தில் பெகி லீ பாடினார். குளூனி அதே பாடல்களைக் கொலம்பியாவுக்குத் தனியே பாடிக் கொடுத்தார். பெகி லீயின் நிதானம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் படத்தில் கிராஸ்பியும் குளூனியும் சேர்ந்து பாடியபோது இருந்த பொருத்தம் அன்றைய எந்த ஆல்பத்திலும் கிடைக்காமற்போனது எனக்கு மனக்குறைதான்.

இவற்றைக் கேட்க விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று கிடைக்கும் தொகுப்புகள் பலவும் பாடல்களைக் கலைத்துப்போட்டு, அஸ்டேரின் பகுதிகளை விட்டுவிட்டு, கிராஸ்பியின் பிரபலமானவற்றை மட்டும் வரிசைப்படுத்துகின்றன. ‘ஹாலிடே இன்’ பாடல்கள் பன்னிரண்டையும் தேடியெடுத்து ஒன்றாகக் கேளுங்கள்; புத்தாண்டுப் பாட்டு ஏன் கிறிஸ்துமஸ் பாட்டின் மறுபக்கத்தில் வைக்கப்பட்டது என்பது அப்போதுதான் புலப்படும். இன்னொன்றையும் கவனியுங்கள். மீண்டும் மீண்டும் அச்சடித்ததில் 1942ஆம் ஆண்டின் மூல அச்சு தேய்ந்துபோனதால், 1947 மார்ச்சில் டிராட்டரையும் டார்பி குழுவையும் மறுபடி கூட்டிக் கிராஸ்பி ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாடலைப் புதிதாகப் பதிவுசெய்தார். வானொலியிலும் கடைகளிலும் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பதிவையே. தொடக்க இசையில் புல்லாங்குழல்களும் பியானோ போன்ற செலஸ்டா என்ற கருவியின் கிணுகிணுப்பும் கேட்டால் அது 1947ஆம் ஆண்டுப் பதிவு. ‘ஹாலிடே இன்’ ஆல்பத்தில் இருந்தது அவை இல்லாத முந்தைய பதிவு.