வாலில் பத்து கிராம்

ரிமோட்டில் பறக்கவிடும் ஆர்.சி. மாடல் விமானத்தின் உடைந்த பாகம் எது வந்தாலும் அதை முதலில் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வேன். விரிசலைக் காட்டக் கொண்டு வந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். 'என்ன தம்பி, தங்கமா?' என்று கேட்டவர்களும் உண்டு.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குச் சோறு போடுவது மோட்டார் சைக்கிளின் வெளிமூடியான ஃபேரிங்தான். விழுந்து நொறுங்கியதை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்போம். அதில் எடையை யார் கேட்கிறார்கள்? பள்ளம் இருந்தால் பட்டியை அப்பு, காய்ந்ததும் தேய், முடிந்தது. ஊரில் டிங்கரிங் பட்டறையில் தொழில் பழகிய எனக்குக் கையில் ஊறியிருந்ததும் இந்த வழக்கம்தான். விமானக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு, எவ்வளவு குறைவாகப் போட்டால் போதும் என்று யோசிக்கும் புத்தி வந்தது.

கணக்கு எளிது. விமானம் ஒழுங்காகப் பறக்க அதன் எடை மையம் இறக்கையில் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். சாதாரண மாடல்களில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்கும். அங்கிருந்து மூக்கு 25 செ.மீ., வால் 75 செ.மீ. என்று வையுங்கள். வாலில் 10 கிராம் பட்டியும் பெயின்ட்டும் ஏறினால், சமன் செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். பத்து கிராம் வேலைக்கு மொத்தம் 40 கிராம் சுமை. அதே பத்து கிராம் எஞ்சினை மூடும் கௌலிங்கில் ஏறினால் அவ்வளவு கவலையில்லை. ஏற்கெனவே ஈயம் வைத்துப் பறக்கிற விமானமென்றால் அதில் கொஞ்சம் கழற்றிவிடலாம். அதனால் ஒரே மாதிரி விரிசல்தான் என்றாலும் மூக்கில் இருந்தால் ஒரு வைத்தியம், வாலில் இருந்தால் வேறு வைத்தியம்.

எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடர் ஒன்றின் உடல் வந்தது. வாலுக்குச் சற்று முன்னால் உடைந்த இடத்தை யாரோ கார் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் பட்டியின் ஓரத்திலேயே மறுபடி விரிந்திருந்தது. பட்டி இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். இழுப்பதையும் வளைப்பதையும் தாங்குவது கண்ணாடியிழைத் துணி. அந்தப் பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்து, விரிசலின் இரு பக்கமும் சரிவாகத் தேய்த்து, சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள மெல்லிய துணியை ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டி அடுக்கினேன். துணியைக் குறுக்காக, 45 டிகிரியில் வெட்டினால் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். துணியில் தடவிய ரெசின் என்ற ஒட்டுப்பிசின் ஊறியதும் மேலே டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுப்பேன். பேப்பரில் ஈரமாக வருகிற அவ்வளவும் விமானம் சுமக்க வேண்டாத எடை.

கௌலிங்கில் தொல்லை வேறு: எண்ணெய். குளோ எஞ்சின் எரிபொருள் என்பது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்தது. சைலன்ஸர் வழியே எரியாத எண்ணெய் வந்துகொண்டே இருக்கும், விரிசலுக்குள் புகுந்து இழைக்குள் இறங்கிவிடும். வெளியே துடைத்தால் சுத்தமாகத் தெரியும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் விரிசலின் ஓரத்தில் மினுமினுவென்று கசியும். அசிட்டோனால் துடைத்து, மறுபடி சூடு காட்டி, கசிவு நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். கடைசியில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். நீர் விரிப்பாகப் பரவி நின்றால் ஒட்டலாம், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அச்சிலிருந்து வந்த புதுப் பாகமும் இந்தச் சோதனையில் தோற்கும், ஏனென்றால் அச்சில் தடவிய மெழுகு அதன்மேல் இருக்கும். அதைக் கழுவாமல் அடித்த பெயின்ட் டேப்போடு சேர்ந்து உரிந்து வரும்.

கௌலிங் பெரும்பாலும் ஸ்க்ரூ துளையிலிருந்துதான் விரிகிறது. எஞ்சினின் அதிர்வு முழுவதும் அந்தத் துளையில்தான் விழுகிறது. விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டால் மேலே ஓடாது. உள்பக்கம் எபாக்ஸி ரெசினில் இரண்டு அடுக்குத் துணி வைத்து, ஸ்க்ரூவுக்கு அடியில் சிலிக்கோன் எரிபொருள் குழாயிலிருந்து ஒரு வளையம் நறுக்கிப் போட்டுக் கொடுப்பேன். காசு கேட்க முடியாத இந்த வளையம்தான் மறுபடி வராமல் காப்பாற்றுகிறது. முதலாளிக்கு இதில் வருத்தம் இருக்கலாம்.

பெயின்ட் அடிக்க நேரம் பார்க்க வேண்டும். இந்த ஊரில் மழையில்லாத நாளில்கூட விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், பிற்பகலில் 60 வரை இறங்கும். காலைக் குளிர்ச்சியில் லேக்கர் அடித்தால் தின்னர் வேகமாகப் பறந்து பரப்பைக் குளிரவைக்கும், அதில் ஈரம் படிந்து பால் போல் வெளுத்துவிடும். எபாக்ஸி ரெசினும் ஈரக் காற்றில் காய்ந்தால் மேலே வழவழவென்று ஒரு படலம் விடுவதுண்டு. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் ஸ்ப்ரே கேன் அடித்துப் பக்கத்து வீட்டாரிடம் பேச்சு வாங்குபவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கும். பல கேன் பெயின்ட்டுகள் நைட்ரோ எரிபொருள் பட்டதும் பிசுபிசுத்துவிடும். ஹார்ட்னர் கலந்த டூ-கே பெயின்ட் தாங்கும், ஆனால் அதன் புகையில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது. சரியான மாஸ்க்கும் ஸ்ப்ரே பூத்தும் இல்லாமல் அதை வீட்டில் தொடவே கூடாது.

ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவர் சிவப்புக் கௌலிங்கைக் கொடுத்து, 'தம்பி, புதுசு மாதிரி ஆக்கிடுப்பா' என்றார்.

'இறக்கையையும் கொண்டு வாங்க அங்கிள்.'

'இறக்கைக்கு ஒண்ணும் ஆகலியே?'

'தெரியும். வெயில்ல எவ்வளவு வெளுத்திருக்குன்னு பாக்கணும். இதை மட்டும் புதுச் சிவப்பா அடிச்சா, இறக்கை கடன் வாங்கி மாட்டின மாதிரி தெரியும்.'

கொண்டு வந்தார். இறக்கையில் ஒட்டிய ஃபிலிம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. சிவப்பில் துளி வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து, அட்டையில் அடித்துக் காயவைத்து, டியூப் லைட்டை நம்பாமல் வெளியே லாரி நிற்கும் இடத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது அட்டையில் அவர், 'இதான் லா' என்றார். விமானத்தில் ஒட்டியிருக்கும் பதிவு லேபிளை மறைத்துவிடப் போகிறேன் என்ற பயம் அவருக்கு. 250 கிராமுக்கு மேல் எடையுள்ளவற்றை 2020 முதல் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். லேபிள் இருப்பது உடலில், என் கையில் இருப்பது கௌலிங் என்று சொன்ன பிறகும் ஒருமுறை போன் செய்தார்.

எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை. அச்சு இப்போது கிடைக்காத பழைய கிட்டின் பாகமென்றால் எவ்வளவு நொறுங்கியிருந்தாலும் முயன்று பார்ப்பேன். போன வாரம் ஒரு பையன் பிளாஸ்டிக் பையில் நான்கு துண்டாக ஒரு வீல் பேன்ட்டை, அதாவது சக்கரத்தை மூடும் கூட்டை, கொண்டு வந்தான். கடையில் ஜோடியாகவே கிடைக்கிறது, என் கூலியைவிட மலிவு. புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்லி, துளை எங்கே போட வேண்டும் என்று மட்டும் பேனாவால் குறித்துக் காட்டி அனுப்பினேன்.