மூத்தவர் கணக்கில் ஏற்றிய அண்டா இளையவர் கணக்கிலும் ஏறியது

காரைக்குடி வீட்டுச் சாமான் அறையைக் கணக்கெடுக்கிறோம். பித்தளை அண்டா, தூக்கு, குத்துவிளக்கு என எல்லாவற்றிலும் பெயரெழுத்து வெட்டியிருக்கும். எந்தப் புள்ளியின், அதாவது கல்யாணமான எந்தத் தம்பதி குடும்பத்தின், சாமான் என்று அதை வைத்துத்தான் பிரிக்கிறோம். நோட்டில் இருப்பதைப் பைதான் என்ற நிரல் மொழியில் ஏற்றுவது என் வேலை. பைதான் 3-ல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஆகவே கிளாஸ் (ஒரே மாதிரி ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு) பெயர் ‘புள்ளி’; அதன் உடம்பிலேயே ஊர் = "காரைக்குடி", சாமான்கள் என்றொரு காலி லிஸ்ட்.

கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஊர், சாமான்கள் என்ற இந்த அட்ரிபியூட்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று நோண்ட ஆரம்பித்தேன். அந்த அச்சில் வார்த்தது மூத்தவர், இளையவர் என்று இரண்டு ஆப்ஜெக்ட். மூத்தவர்.ஊர் = "தேவகோட்டை" என்றதும் மூத்தவருக்கு மட்டும் ஊர் மாறியது. சரி. மூத்தவர்.சாமான்கள் லிஸ்டில் அண்டாவை அப்பெண்ட் செய்தால் (கடைசியில் சேர்த்தால்) இளையவருக்கும் அண்டா வந்து நிற்கிறது.

சாதா அட்ரிபியூட்டைப் படிக்கும்போது ஆப்ஜெக்டின் சொந்த டிக்டில் (பெயரையும் மதிப்பையும் வைத்திருக்கும் பதிவேட்டில்) தேடி, இல்லாவிட்டால் கிளாஸுக்கும் அதன் தாய் கிளாஸ்களுக்கும் பைதான் போகும். ‘=’ போட்டு எழுதினால் மேலே போகாது; ஆப்ஜெக்டிலேயே வைத்துவிடும். அப்பெண்ட் பார்ப்பதற்கு எழுதுவது மாதிரி இருந்தாலும், அட்ரிபியூட்டைப் பொறுத்தவரை அது வெறும் படிப்புதான். செட்டிநாட்டு வீட்டில் வளவு (நடு முற்றம்) எல்லாப் புள்ளிக்கும் பொது, இரட்டை வீடு (ஒவ்வொரு புள்ளிக்குமான அறை) அவரவருக்கு. இங்கே கிளாஸ்தான் வளவு, ஆப்ஜெக்டின் டிக்ட்தான் இரட்டை வீடு. அண்டா வளவில் இறங்கிவிட்டது.

இதைவிடக் குறும்புக்காரன் ‘+=’. மூத்தவர்.சாமான்கள் += ["தூக்கு"] என்றால் பொது லிஸ்டிலும் தூக்கு சேர்கிறது, அதே லிஸ்ட் மூத்தவரின் டிக்டிலும் பதிவாகிறது. அப்புறம் கிளாஸில் புது லிஸ்ட் வைத்தாலும் மூத்தவர் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பார். ஆப்ஜெக்டின் டிக்டைக் காட்டும் வார்ஸ் போட்டுப் பார்த்தால்தான் இது தெரியும்.

மொத்த எடைக்கு ப்ராப்பர்ட்டி வைத்தேன்; கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கூட்டிச் சொல்லும் அட்ரிபியூட் அது. ஆப்ஜெக்டின் டிக்டில் அதே பெயரில் வேண்டுமென்றே 100 என்று திணித்தேன். சட்டையே செய்யவில்லை, கூட்டிய எடையைத்தான் காட்டியது. ப்ராப்பர்ட்டி ஒரு டேட்டா டிஸ்கிரிப்டர், அதாவது படிப்பதையும் எழுதுவதையும் தானே கையாளும் கிளாஸ் அட்ரிபியூட். அதற்கு ஆப்ஜெக்டின் டிக்டைவிட முன்னுரிமை. பைதான் 3.8-ல் வந்த கேஷ்டு ப்ராப்பர்ட்டி அப்படியல்ல. முதல் தடவை கூட்டிய எடையை ஆப்ஜெக்டின் டிக்டில் போட்டுவிடும், பிறகு சாமான் சேர்த்தாலும் பழைய எடைதான். டெல் போட்டு அழித்தால்தான் மறுபடி கூட்டும். கணக்கெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இது ஆகாது, சாதா ப்ராப்பர்ட்டியே போதும்.

லிஸ்டை, ஒவ்வொரு ஆப்ஜெக்ட் உருவாகும்போதும் ஓடும் இனிட்டுக்குள் மாற்றிவிட்டேன், ஊரைக் கிளாஸிலேயே விட்டேன். அடுத்தது வெள்ளிச் சாமான்.